தீக்குச்சியை ஆட வைத்தவர்

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை, சானமாவு



கார்ட்டூன் பார்க்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? எங்கள் வீட்டில் டி.வி. வாங்குவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான். கார்ட்டூன் படத்தை உருவாக்கியது யார் என்று கேட்டால் எல்லோரும் வால்ட் டிஸ்னி என்போம். (டாம் அண்ட் ஜெர்ரி அவர் எடுத்தது இல்லை என்பது வேறு விஷயம்!)

அந்த டிஸ்னி அமெரிக்காவில் பதிமூன்று வயதுப் பையனாகத் திரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, நம் நாட்டில் ஒருவர் ஒரு தீப்பெட்டியைத் திறந்து, குச்சிகளை மேஜை மேல் கொட்டி, அவற்றைத் தானாக நகர்ந்து ஆட வைத்துப் படம் பிடித்தார். அவர் தாதாசாகேப் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்விக்காகப் படித்திருப்போம். நானும் அப்படித்தான் படித்தேன். அதற்கு மேல் தேடிப் படித்தபோதுதான், இவர் நம்மைப் போல ஒரு தொழிற்கல்வி மாணவர் என்பது தெரிந்தது. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

படித்ததும் பிடித்ததும்

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். பிள்ளையும் சாஸ்திரம் படித்துப் புரோகிதம் பார்க்கப் போவான் என்று நினைத்திருப்பார்கள். பையனுக்கோ படம் வரைவதிலும், நாடகம் போடுவதிலும், மேஜிக் செய்வதிலும்தான் மனசு. அப்பாவுக்குப் பம்பாயில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போனது. 1885இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

பிறகு பரோடாவுக்குப் போய் கலாபவனில் படித்தார். பெயரைப் பார்த்து நாட்டியப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1890இல் தொடங்கிய தொழிற்கல்விக்கூடம் அது. அந்தக் காலத்துப் பாலிடெக்னிக் என்றே சொல்லலாம். புகைப்படம், கட்டட வரைபடம், அச்சு வார்ப்பு என்று கையால் செய்யும் தொழில்கள் பலவற்றை அங்கே கற்றார்.

படித்து முடித்ததும் வாழ்க்கை ஒழுங்காக ஓடியதா என்றால் அதுதான் இல்லை. கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். பிளேக் நோய் வந்து மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. பரோடாவில் மறுபடி ஸ்டுடியோ போட்டார். கேமரா முன்னால் நின்றால் உடம்பின் சத்தை உறிஞ்சிவிடும் என்று ஊரில் புரளி கிளம்பி, யாரும் வரவில்லை. தன் பெயரைத் திருப்பிப் போட்டு, பேராசிரியர் கேல்ஃபா என்று மேஜிக் ஷோ நடத்தினார். 1903இல் தொல்லியல் துறையில் போட்டோ எடுக்கவும் வரைபடம் போடவும் அரசாங்க வேலை கிடைத்தது. நம் வீடுகளில் என்றால் ஊருக்கே சாக்லேட் கொடுத்திருப்பார்கள். சுதேசி இயக்க நேரத்தில், 1906இல், அதையும் விட்டுவிட்டு அச்சுத் தொழிலில் இறங்கினார். ரவிவர்மா படங்களை அச்சடித்த அச்சகத்துக்கு வேலை செய்தார். சொந்தமாக அச்சகம் தொடங்கி, கலர் பிரிண்டிங் இயந்திரத்துக்காக 1909இல் ஜெர்மனி வரை போய் வந்தார். கடைசியில் கூட்டாளிகளோடு ஒத்துவராமல் வெறுங்கையோடு வெளியே வந்தார்.

அப்போது அவருக்கு வயது நாற்பது. வேலை இல்லை. வீட்டில் மனைவி, பிள்ளைகள். நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே வாழ்க்கை முடிந்த மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

இருட்டில் ஒரு வெளிச்சம்

1911 வாக்கில் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஒரு கொட்டகையில் ஏசு கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் ஊமைப்படம் ஓடியது. பால்கே போய்ப் பார்த்தார். திரையில் ஏசு நடக்க, அவர் மனத்தில் ராமரும் கிருஷ்ணரும் நடந்தார்கள். நம் கதைகளை நம் ஆட்களே இப்படி எடுக்கக் கூடாதா? அன்று பிடித்த பைத்தியம்தான்!

கொட்டகை கொட்டகையாகப் போய்ப் படம் பார்த்தார். சின்ன புரொஜெக்டர் ஒன்று வாங்கி, வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஃபிலிம் சுருளை ஓட்டிப் பார்த்தார். தூக்கம் கெட்டது. கண் கெட்டது. கொஞ்ச காலம் பார்வையே போய்விட்டது. வைத்தியம் பார்த்துப் பார்வை திரும்பியதும் மறுபடி அதே வேலை. இன்சூரன்ஸ் பத்திரங்களை அடகு வைத்துக் கடன் வாங்கி, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே செசில் ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரின் ஸ்டுடியோவில் சில நாள் வேலையைக் கவனித்தார். ஒரு வில்லியம்சன் கேமரா வாங்கினார். ஃபிலிமுக்கும் துளை போடும் இயந்திரத்துக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு, இரண்டே மாதத்தில் ஊர் திரும்பினார்.

ஒரு தொட்டி, சில பட்டாணி

கேமரா வந்தாகிவிட்டது. படம் எடுக்கப் பணம்? பணம் போடக்கூடியவர்களை நம்ப வைக்க ஏதாவது செய்து காட்ட வேண்டும். பால்கே ஒரு மண்தொட்டியில் பட்டாணி விதைகளை நட்டார். அதன் எதிரில் கேமராவை அசையாமல் நிறுத்தினார். விதை முளை விட்டு, கொடியாகப் படர்கிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது ஒரு மாத வளர்ச்சி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நேரத்தில் கண் முன்னால் நடந்தது. பார்த்தவர்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருந்திருக்கும்.

இதில் என்ன சூட்சுமம்? ரெக்கார்டு நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றிப் பொம்மை வரைந்து, விரலால் சர்ரென்று புரட்டி விளையாடியிருக்கிறோம் இல்லையா? அதேதான். நிற்கும் படங்கள் வேகமாக மாறினால், நம் கண்ணும் மூளையும் அதை ஓட்டமாக எடுத்துக்கொள்கின்றன. ஊமைப்பட காலத்தில் விநாடிக்குச் சுமார் 16 படம். ஒரு நிமிடத்துக்கு 960 படம்.

ஒரு மாதத்தில் 960 படம் என்றால் நாளுக்கு 32 படம். அதாவது இரவும் பகலும் முக்கால் மணிக்கு ஒரு முறை! பகலில் மட்டும் என்றால் இன்னும் நெருக்கி எடுத்திருக்க வேண்டும். இடையில் யாராவது தொட்டியை இடித்தாலோ, கேமரா ஒரு நூல் நகர்ந்தாலோ போச்சு. ஒரு விதை முளைப்பதை ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கும் பொறுமைதான் அவர் போட்ட முதல் முதலீடு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பட்டாணிப் படம் வேலை செய்தது. பணம் போட ஆள் வந்தது. அது போதாததற்கு அவர் மனைவி சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கொடுத்தார்.

சரஸ்வதிபாயின் துளைகள்

இந்த இடத்தில் நம் துறை நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

அப்போது வந்த ஃபிலிமில் ஓரத்துத் துளைகள் இருக்காது. வெறும் நாடாவாக வரும். அதை இருட்டறையில் துளைக் கருவியில் செலுத்தி நாமே துளை போட வேண்டும். அந்தத் துளையில்தான் கேமராவின் பல் மாட்டி ஒவ்வொரு படத்தையும் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். துளைக்குத் துளை இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் திரையில் படம் குதிக்கும். பிரஸ் ஷாப்பில் தகடு துளைக்கும்போது பிட்ச் மாறினால் பீஸ் ரிஜெக்ட் ஆகிறதே, அதே கதைதான்.

இந்த வேலையைச் செய்தது சரஸ்வதிபாய். ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு நான்காக எட்டுத் துளை. ஓர் அடி ஃபிலிமில் 16 படம். ஆக அடிக்கு 128 துளை. அவர்களுடைய முதல் பெரிய படம் 3,700 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4,73,600 துளைகள்! கருவி ஒரே அழுத்தில் பல துளை போட்டிருக்கலாம். வீணான ஃபிலிமையும் நெகட்டிவையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். பகலில் அறுபது, எழுபது பேர் கொண்ட படக்குழுவுக்குச் சமையல். படப்பிடிப்பில் வெயிலைத் திருப்பி அடிக்க வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது. இரவில் ஃபிலிம் கழுவ ரசாயனம் கலப்பது, துளை போடுவது. பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இத்தனையும் செய்திருக்கிறார்.

அந்தப் படம்தான் ராஜா ஹரிச்சந்திரா. நடிக்கப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரைப் பிடித்து வந்து சந்திரமதியாக்கினார்கள். 1913 மே 3 அன்று பம்பாய் கொரனேஷன் கொட்டகையில் படம் வெளியானது. மக்கள் திரண்டு வந்தார்கள்.

தீக்குச்சிகள் ஆடின!

அதற்கடுத்த ஆண்டே முதல் உலகப் போர். ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கடன் கொடுத்தவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். பெரிய படம் எடுக்க வழியில்லை. நாமாக இருந்தால் போர் முடியட்டும் என்று படுத்துவிடுவோம். பால்கே சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். 1915ஐ ஒட்டி அவர் எடுத்த ஒன்றுதான் ஆக்காட்யாஞ்சி மௌஜ். தீக்குச்சிகளின் கும்மாளம் என்று தமிழில் சொல்லலாம். குச்சியைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி ஒரு நூல் நகர்த்து, மறுபடி ஒரு படம். ஓட்டிப் பார்த்தால் குச்சிகள் தாமாகவே ஊர்ந்து, கூடி, பிரிந்து உருவங்களாகும். நடிகருக்குச் சம்பளம் இல்லை, செட்டு இல்லை, சாப்பாட்டுச் செலவும் இல்லை!

இந்த வித்தையை முதலில் கண்டுபிடித்தவர் பால்கே இல்லை. பிரான்சில் எமில் கோல் என்பவர் 1908இலேயே கோட்டுச் சித்திரங்களை ஓட வைத்தார். தீக்குச்சிகளையும் ஆட வைத்தார். அமெரிக்காவில் வின்சர் மெக்கே 1914இல் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வரைந்து ஒரு டைனோசரை நடக்க வைத்தார். அங்கெல்லாம் கம்பெனிகள் இருந்தன, ஃபிலிம் தட்டுப்பாடு இல்லை. இங்கே பால்கேயின் வீடுதான் கம்பெனி, மனைவிதான் லேபரட்டரி. அதனால்தான் இந்திய அனிமேஷனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்குகிறார்கள்.

வருத்தமான விஷயம், அந்தப் படம் இன்று கிடையாது. அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும், பொடிந்தும் போகும். ராஜா ஹரிச்சந்திராவிலேயே சில சுருள்கள்தான் மிஞ்சின. நல்லவேளையாக, படம் எப்படித் தயாராகிறது என்று அவரே எடுத்துக் காட்டிய ஒரு குறும்படத்தின் பகுதிகள் பிழைத்திருக்கின்றன. அதில் பால்கே வேலை செய்வதை நாம் பார்க்கலாம். ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நம் ஒர்க் ஷாப்பில் வெர்னியரைப் பிடித்துப் பார்க்கும் இன்ஸ்ட்ரக்டர் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

ஏற்றமும் இறக்கமும்

1917இல் லங்கா தகனம் வந்தது. ராமரும் சீதையும் ஒரே ஆள்தான், அதே சாளுங்கே! அனுமன் வானில் பறந்து சிறிதாகிச் சிறிதாகி மறைவதை மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நம்ம சென்னையில் அந்தப் படத்தின் வசூல் காசை மூட்டை கட்டி மாட்டு வண்டியில் போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 1919இல் காளிய மர்த்தனம். பாம்பின் தலைமேல் ஆடிய குட்டிக் கிருஷ்ணன் வேறு யாருமில்லை, பால்கேயின் மகள் மந்தாகினி.

இதற்கிடையில், 1918இல் பணக்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து ஹிந்துஸ்தான் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனி உருவானது. வீட்டிலேயே எல்லாம் செய்து பழகியவருக்குக் கம்பெனிக் கணக்கு வழக்கு சரிப்படவில்லை. மனம் வெறுத்துக் காசிக்குப் போய் நாடகம் எழுதினார். திரும்பி வந்தார், மறுபடி எடுத்தார். ஆனால் காலம் மாறிவிட்டது. 1931இல் பேசும் படம் வந்தது. ஊமைப்படமாக எடுத்த சேதுபந்தனத்துக்குப் பிறகு குரல் சேர்க்க வேண்டியதாயிற்று. 1937இல் கங்காவதரணம் என்ற பேசும் படத்தை எடுத்தார். அதுதான் கடைசி.

அதே 1937 டிசம்பரில்தான் அமெரிக்காவில் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட், முழுநீளக் கார்ட்டூன் படம், வெளியானது. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் சேர்ந்து வரைந்தது. ஒருவர் கடையை மூடிய ஆண்டில் இன்னொருவர் பெரிய வாசலைத் திறந்தார். பால்கேயிடம் திறமை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தன் கையில் இருந்த வித்தையைப் பத்துப் பேர் சேர்ந்து தொடரும்படி ஒரு பட்டறையாக அவரால் நிலைநிறுத்த முடியவில்லை. நம் நாட்டில் அனிமேஷனுக்கென்று அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனில் ஒரு பிரிவு உருவாகி, ஆலமரத்து மான் கதையைக் கார்ட்டூனாக எடுத்தபோது 1957 ஆகிவிட்டது.

பால்கே 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். சினிமா உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலம் அது. ஏறக்குறைய 95 படங்களும் 26 குறும்படங்களும் எடுத்தவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1969இல் அவர் பெயரில் விருது வந்தது. நம்ம சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் எல்லாரும் வாங்கிய விருது. 1971இல் தபால் தலையும் வந்தது.

ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? போன செமஸ்டர் லீவில் நானும் முயற்சி செய்தேன். எங்கள் பக்கம் பட்டாணியை விட அவரைதான் ஃபேமஸ். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் மண் போட்டு இரண்டு அவரைக் கொட்டை ஊன்றினேன். கண்ணாடி உடைந்த பழைய போனை இரண்டு செங்கல் நடுவில் செருகி நிறுத்தினேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு படம். நாளுக்கு 16. அதாவது ஒரு நாள் உழைப்புக்கு ஒரு விநாடி சினிமா!

ராகி அறுப்புக் காலம். யானை வரும் என்று அப்பா இரவெல்லாம் காட்டில் பரண் மேல் காவல் இருந்துவிட்டுக் காலையில் வருவார். டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விடுவார். டிப்ளமோ படிக்கிற பையன் செய்கிற வேலையா இது என்று நினைத்திருக்கலாம்.

ஏழாவது, எட்டாவது நாள் ரோஜாப் பண்ணையில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. கூலியை விட மனமில்லை. ஃபீஸ் கட்ட வேண்டும். படத்தையும் விட மனமில்லை. அம்மாவிடம் பட்டனைக் காட்டி, மணிக்கு ஒரு தடவை அழுத்தச் சொல்லிவிட்டுப் போனேன். அம்மா பள்ளிக்கூடம் போனது இல்லை. இரண்டு நாளும் மாடு, அடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மணிகூடத் தவறவில்லை. முப்பத்திரண்டு படம் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினேன். பன்னிரண்டு விநாடி. மண் விரிகிறது, கொட்டை தலை தூக்குகிறது, இலை இரண்டும் கை விரிக்கிற மாதிரி விரிகின்றன. நடுவில் ஒரே ஒரு படத்தில் அம்மாவின் விரல் நிழல் விழுந்து, கண் சிமிட்டுகிற நேரத்தில் மறைகிறது. முதலில் அந்த ஒரு படத்தை அழித்துவிடத்தான் நினைத்தேன். அப்புறம் சரஸ்வதிபாய் ஞாபகம் வந்தது. பால்கே பெயரில் விருது இருக்கிறது, தபால் தலையில் முகம் இருக்கிறது. இருட்டறையில் நாலே முக்கால் லட்சம் துளை போட்ட கைகளை எத்தனை பேருக்குத் தெரியும்? நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் அடகுக் கடைக்குப் போன அம்மாவின் கம்மல் இன்னும் திரும்பவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. நிழலை அப்படியே விட்டுவிட்டேன்.

இரவு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். அப்பா மறுபடி போடச் சொன்னார். நான்கு தடவை பார்த்தார். அதற்கப்புறம்தான் காவலுக்குக் கிளம்பினார்.

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் போகத்தான் போகிறோம். போவோம், தப்பில்லை. வரைபடம், துளை, அளவு, பொறுமை என்று நாம் கற்கிற இந்தத் தொழில் அறிவை வைத்துத்தான் ஒருவர் இந்த நாட்டின் முதல் அசையும் சித்திரத்தை உண்டாக்கினார். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். அவருக்காகத் துளை போட்டவரையும் மறக்காமல் வைத்துக்கொள்வோம்.